இன்னும் நேரம் இருக்கிறது, மகளே

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இனி எங்கே இசையமைப்பது என்று போனில் கேட்டாய். அவசரமாகப் பதில் சொல்லி முடிக்கும் விஷயமல்ல இது, அதனால் எழுதுகிறேன்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராடிக்கின் இசையை எனக்கு முதலில் போட்டுக் காட்டியவளே நீதான். 1932இல் பாரிஸில் பிறந்தவர். மூன்று குழந்தைகளின் தாய். நீஸ் நகரில், விமான நிலையத்துக்கு அருகே குடியிருந்தபோது, விமானங்களின் இரைச்சலைக்கூட ஆசையாகக் காது கொடுத்துக் கேட்டவர். பதிவுசெய்த ஒலிகளையே இசையாக்கிய பியர் ஷெஃபரின் ஒலிச் சோதனைகளை வானொலியில் கேட்டு, அவரிடமே போய்க் கற்றார். தனக்கென்று ஓர் இசையைக் கண்டெடுத்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது.

ஆர்ப் 2500 என்ற சிந்தசைசரை, அதாவது மின்னணு ஒலிக்கருவியை, நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவந்தவர், அதன் விசைப்பலகையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். அது இருந்தால் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும் அல்லவா! குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஒரே ஒலி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். வெகுநேரம் கழித்துத்தான் வேறெங்கோ வந்துவிட்டோம் என்று உறைக்கும். ஒலிநாடாக்களைக் கலந்து பதிகையில் கடைசி நிமிடத்தில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

எழுபதுகளின் நடுவில் திபெத்திய பௌத்தத்தில் ஈடுபட்டு, சில ஆண்டுகள் இசையையே நிறுத்திவிட்டார். பிறகு திரும்பி வந்தார். 1989இல் மகன் கார் விபத்தில் இறந்தார். அவருடைய 'மரணத்தின் முத்தொகுதி' என்ற இசைப்படைப்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம்; அதன் நடுப்பகுதியான 'கைலாஷா' அந்தத் துக்கத்துக்குப் பிறகு வந்தது. பிள்ளை பெற்றவளாக அதை என்னால் ஒரே மூச்சில் கேட்க முடிவதில்லை.

எழுபதை நெருங்கியபோது சிந்தசைசரையும் விட்டுவிட்டு வாத்தியங்களிடம் வந்தார். 2011இல், 79 வயதில், 'ஒக்காம்' என்ற இசைப்படைப்பு வரிசையைத் தொடங்கினார். அதற்கு எழுதிவைத்த இசைக்குறிப்பு கிடையாது. வாத்தியக் கலைஞரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நீர் சார்ந்த ஏதேனும் ஒரு காட்சியை மனத்தில் நிறுத்தி, பேசிப் பேசியே உருவாக்குவார்கள். நம் குருமார்கள் பாடம் சொன்ன வழிதானே அது!

உனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. விடுமுறைக்குக் குழந்தைகள் இருவரையும் என்னிடம் விட்டுவிடு. அப்பாவும் அதையேதான் சொல்கிறார். பாதியில் நிற்கும் அந்தப் பதிவை எடுத்து உட்கார். முடியாவிட்டாலும் முடிந்தவரை எனக்கு அனுப்பு, எவ்வளவு நீளமானாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா