முகாம் வேண்டாம், தம்பி

திருத்துறைப்பூண்டி
ஐப்பசி 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கொல்லைப்பக்கம் முழுக்கத் தண்ணீர். நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, உன் இஷ்டம்" என்று முடித்துவிடுவாய். அது எனக்குப் போதாது. ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் திதிக்கு ஊரில் பெரிதாக ஒரு இலவச மருத்துவ முகாம் நடத்தலாம், சிங்கப்பூரில் உன் சிநேகிதர்களும் சேர்ந்து 60 ஆயிரம் ரூபாய் போடுவார்கள் என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும். இருந்தாலும் முகாம் வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தை நான் சொல்கிற வேலைக்குக் கொடு.

கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் இருந்தவள் நான். எத்தனை முகாமுக்கு நாற்காலி போட்டிருப்பேன்! பந்தல், ஃபிளெக்ஸ், டாக்டர்கள் வந்துபோக கார், மத்தியானம் சாம்பார் சாதம். முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். பி.பி. பார்ப்போம், விரலில் குத்தி சுகர் பார்ப்போம். சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். ஜனங்கள் பத்து நாள் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார்கள். பதினோராவது நாள் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கண் முகாமை இதில் சேர்க்காதே. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாக முகாம் போட்டு, புரை இருப்பவர்களை பஸ்ஸில் ஏற்றிப் போய், அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விட்டது. புரையை எடுத்தால் வேலை முடிந்தது. சுகரும் பிரஷரும் ஆயுசு முழுக்கக் கூட வருகிறவை. அவற்றுக்கு ஒரு நாள் வைத்தியம் கிடையாது.

அப்பாவுக்கு பிரஷர் இருப்பது முதலில் தெரிந்ததே ஒரு முகாமில்தான். கோயில் மண்டபத்தில் நடந்தது, நீ அப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம். 170-க்கு 100 இருந்தது. கொடுத்த பத்து நாள் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். தீர்ந்ததும் "தலைசுத்தல் நின்னுடுச்சு, சரியாப் போச்சு" என்று விட்டுவிட்டார். நான் கேட்கும்போதெல்லாம் "சாப்பிடுறேன்" என்பார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கிறவள், என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்புறம் ஆறு வருஷம் கட்டிலும் கைத்தடியுமாக இருந்துவிட்டுப் போனார். இதை இவ்வளவு விவரமாக உன்னிடம் நான் சொன்னதில்லை. முகாம் நடத்தியவர்கள் நல்லவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. பதினோராவது நாள் யாராவது ஒருத்தர் வாசலில் வந்து நின்று "மாத்திரை இருக்கா சார்?" என்று கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நம்ம ஊர் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் காட்டினால் மறுநாளே நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுமா? கல்லணைக்கு வர வேண்டும், அங்கிருந்து ஆறாறாகப் பிரிந்து முள்ளியாற்றுக்கு வர வேண்டும். வந்த பிறகும் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தால் ஒரு ஆள் கரையோடு நடந்து போய் இழுத்துப் போட்டால்தான் வயலுக்கு ஏறும். வைத்தியமும் நம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. அரசாங்கம் திறந்துவிடவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன், அதில் சம்பளம் வாங்கி உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்குக் காசில்லை. 2008-இலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. முன்பெல்லாம் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுக்கு, 2010-இல் திருவாரூரிலேயே மருத்துவக் கல்லூரி வந்தது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை முதலமைச்சர் காப்பீடு. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதே வருஷம் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்து, வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரை வருகிறது.

இவ்வளவு இருந்தும் நம் கீழத்தெரு அத்தைக்குக் கால் அழுகியது. உனக்குக் கொய்யாப்பழம் மடியில் கட்டிக்கொண்டு வந்து தருவாங்களே, அவங்கதான். பத்து வருஷமாக சுகர். போன வருஷம் சம்பா நடவின்போது சேற்றில் நத்தை ஓடு கிழித்திருக்கிறது. சுகரில் கால் மரத்துப்போயிருந்ததால் வலிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. சேற்றுப்புண் என்று நினைத்து மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு நாலு நாள் நடவுக்குப் போயிருக்கிறாங்க. நான் போய்ப் பார்த்தபோது விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் கறுத்திருந்தது. சலைன் ஊற்றிக் கழுவினேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நூலின் முனையால் உள்ளங்காலைத் தொட்டேன். ஒரு இடம், இரண்டாவது இடம், மூன்றாவது இடம். அத்தை கண்ணை மூடியபடியே, "எப்ப தொடப் போறே தாயி?" என்று கேட்டாங்க.

ஆஸ்பத்திரிக்கே போகாமலும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறாங்க. காப்பீட்டு அட்டை இல்லை, எடுத்துக்கொண்டு நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க வேண்டும், அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். ஓ.பி. சீட்டு கொடுப்பதும் காலையில், நடவுக்கு ஆள் இறங்குவதும் காலையில். "நாளைக்கு வாங்க" என்ற வார்த்தையோடு அத்தை வீட்டில் உட்கார்ந்துவிட்டாங்க. அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது, உனக்குத் தெரியாதது இல்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் காலனிப் பெண்கள் துணை சுகாதார நிலையத்தின் படியில்தான் நிற்பார்கள், உள்ளே கூப்பிட்டாலும் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். அந்தக் கூச்சம் அவர்களாக வளர்த்துக்கொண்டது இல்லை, ஊர் வளர்த்துவிட்டது. இன்றைக்கும் டாக்டர் எதிரில் வாய் திறக்காமல் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் அறக்கட்டளை நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது, இன்றைக்கும் சின்னதுதான். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், பெரிய பானையில் ஈர மணல் கொட்டி, நடுவில் சின்னப் பானை வைத்து மருந்தைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுத்தோம். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இப்போதும் அந்தப் பானைதான். மற்றபடி நாங்கள் செய்வது ஒரே ஒரு வேலை: கூடப் போவது. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருமே காலனியில் பிறந்து பிளஸ் டூ படித்தவர்கள். யாருக்கு மாத்திரை தீரப்போகிறது, யார் போன மாதம் போகவில்லை என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், சீட்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைக் கேட்டுவந்து வீட்டில் மறுபடி சொல்வார்கள். அத்தையோடு ஒருத்தி ஏழு தடவை போனாள். காப்பீட்டு அட்டையும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். இரண்டு விரல் போனது, பாதம் பிழைத்தது. இப்போது எம்.சி.ஆர். செருப்பு, அதுதான் மரத்துப்போன காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற செருப்பு, போட்டுக்கொண்டு நடக்கிறாங்க. வரப்பு வந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிற பழக்கம்தான் இன்னும் போகவில்லை. வயலுக்குள் செருப்போடு எப்படி இறங்குவது என்று கேட்கிறாங்க. அதற்கு என்ன சொல்வது, நீயே சொல்.

இது எங்கள் மூளையில் உதித்தது இல்லை. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைப் பக்கம் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் தொடங்கிய ஆஸ்பத்திரியில், அந்த ஊர் மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அதே வருஷம் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து வளர்ந்து, கேரளாவில் எத்தனையோ ஊர்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அக்கம்பக்கத்து ஆட்களே முறை வைத்துப் போய்ப் பார்க்கிறார்கள். டாக்டரும் நர்சும் பின்னால் துணையாக இருப்பார்கள். அப்பா படுத்திருந்த ஆறு வருஷத்தில் அப்படி வாரம் ஒருத்தர் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவருக்கும் நன்றாக இருந்திருக்கும், எனக்கும் கொஞ்சம் முதுகு சாய்க்க முடிந்திருக்கும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். 60 ஆயிரத்தை மொத்தமாக அனுப்பாதே. மாதம் 5 ஆயிரம் என்று பன்னிரண்டு மாதம் அனுப்பு. ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் கூலி போகிறவர்களுக்கு அந்தக் கூலியை அதிலிருந்து கொடுப்போம். இதைக் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அத்தையின் காலைக் கழுவியவள் நான், அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மீதி, நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ வாடகைக்கு. உன் சிநேகிதர் ஒருத்தர் ஈ.சி.ஜி. மெஷின் வாங்கித் தரலாம் என்றாராமே, அவரிடம் நன்றி சொல்லி, மெஷின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதுவரை கூட்டிப் போகத்தான் செலவு என்று சொல். அப்பா பெயரில் போர்டு எதுவும் வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிக்கொள்கிறேன். திதிக்கு வீட்டில் படையல் வழக்கம்போல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டம். அதற்குள் உன் முடிவைச் சொல்லிவிடு.

மருமகளைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு முறுக்கு, அதிரசம் கட்டி வைத்திருக்கிறேன், இங்கிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். அப்புறம் உனக்கும் 38 ஆகிறது. போன தடவை வந்தபோது பார்த்ததில் 140-க்கு 92 இருந்தது, டென்ஷன்மா என்று தட்டிக் கழித்துவிட்டாய். இந்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு என்ன இருந்தது என்று எழுது. "நல்லா இருக்கேன்" என்று எழுதாதே, நம்பரை எழுது. என் நோட்டில் உனக்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன், எதிரே இன்னும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா