பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிள்

நாட்டிங்ஹாம்,
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நன்றாக இருக்கிறேன். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, நீ கொடுத்தனுப்பிய கம்பளியே போதும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, யாரோடும் பேசமாட்டார் என்று சொன்னேனே, அவர் போன வாரம் வாசலில் ஒரு பை ஆப்பிள் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றோடு ஒன்று படாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நியூஸ்பேப்பரில் சுற்றி. பச்சையாக, கோணலாக, கைக்குள் அடங்காத பருமன். கடித்தேன், பல் கூசிவிட்டது. நம் கிளிமூக்கு மாங்காய்தான்! சர்க்கரையும் மிளகாயும் போட்டு, கடுகு தாளித்துப் பச்சடி செய்தேன். அடுப்பில் ஏறிய கொஞ்ச நேரத்தில் துண்டெல்லாம் பொங்கி நுரையாகக் கரைந்துவிட்டது. வருஷப் பிறப்புக்கு நீ செய்வாயே, கிட்டத்தட்ட அந்த ருசி. ஒரு கிண்ணம் பாட்டிக்குக் கொடுத்தேன். அன்றுதான் உட்காரச் சொல்லி அந்த ஆப்பிளின் பெயர்க் கதையைச் சொன்னார்.

பெயர் பிராம்லிஸ் சீட்லிங். சீட்லிங் என்றால் நாம் சொல்கிற கொட்டைக்கன்று, ஒட்டு இல்லாமல் விதையில் முளைத்தது. இந்த ஜில்லாவிலேயே சவுத்வெல் என்ற ஊரில், 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் போட்ட விதை. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். 1846-இல் அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி, கசாப்புக்காரர். பத்து வருஷம் கழித்து ஹென்றி மெர்ரிவெதர் என்ற நர்சரிக்காரர் வீட்டுப் பையன் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டிருக்கிறான். எடுத்துக்கொள், ஆனால் என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றாராம் பிராம்லி. மேரி ஆன் அதற்கு முன்பே, 1852-இல் இறந்துவிட்டாள். தன் மரம் ஊரெல்லாம் பரவப்போவது அவளுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கு இருக்கிற பிராம்லி மரம் எல்லாம் அந்த ஒரே மரத்தின் வழி வந்தவை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை அம்மா. நம் கிணற்றடி மாமரம் அத்தை ஏழு வயதில் கொட்டை போட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது. ஊரில் எல்லோருக்கும் அது தாத்தா மரம். அந்த நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஒரு மத்தியானம் படுத்தால் போதும் என்று இருக்கிறது.

அப்புறம், பத்திர விஷயம். சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் அத்தையிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கிணற்றடி மனையை, மரத்தோடு, அத்தை பெயருக்கே எழுதட்டும். என் பங்கில் குறைத்துக்கொள்ளச் சொல். அத்தையைக் கூப்பிட்டுப் பேசாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் தேதி வாங்க வேண்டாம். எழுதுகிற பத்திரத்தை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், தையில் சேர்த்து அனுப்புகிறேன். முட்டி வலிக்கு டாக்டரிடம் போனாயா? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் சின்னவன்