அந்தரத்துப் படிகளுக்குச் சுவரில் பிடிமானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவிபட்டினம் தொடங்கி வாலிநோக்கம் வரை நம் கடலோர ஊர்களில் எழும்பும் புதிய வீடுகளில், ஒரு முனை மட்டும் சுவரில் செருகப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் ‘ஃப்ளோட்டிங்’ படிக்கட்டுகள் பெருகி வருகின்றன. கூடம் விசாலமாகத் தெரிவதால் மக்கள் இவற்றை விரும்புவதில் தவறில்லை. ஆனால் இப்படிகளுக்குச் சுவரைத் தவிர வேறு தாங்கல் கிடையாது என்பதும், பல வீடுகளில் அந்தப் பிடிமானம் போதாது என்பதும் கட்டடப் பணியில் நெடுங்காலம் இருந்த என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கின்றன.

இவ்வாறு தனித்தனியாக நீளும் ஒவ்வொரு படியும் தன் நுனியில் 1.3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 130 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இன் இரண்டாம் பகுதி கூறுகிறது. மூன்றடி நீளப் படியின் நுனியில் அந்த எடை நிற்கும்போது, படியின் வால் சுவருக்குள் நான்கு அங்குலம் மட்டுமே சென்றிருந்தால், செங்கல்லை நெம்பும் விசை ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். பழைய பாசனக் கிணறுகளில் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் படிக்கற்கள் தலைமுறைகளாக அசையாமல் இருப்பதற்கு, சுவர் எழும்பும்போதே கல்லும் ஆழமாக வைக்கப்பட்டு, மேலுள்ள சுவரின் எடை முழுவதும் அதை அழுத்திக்கொண்டிருப்பதே காரணம். இன்றோ சுவர் எழுந்து, பூச்சும் முடிந்த பிறகு, கைப்பேசியில் வந்த ஒரு படத்தைக் காட்டி இதேபோல் வேண்டும் என்று கேட்கிறார்கள். மேஸ்திரியும் சுவரைத் துளையிட்டு, துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டில் இரும்புச் சட்டத்தை மாட்டிவிடுகிறார். கான்கிரீட்டுக்கென்று செய்யப்பட்ட போல்ட் செங்கல்லிலும், அதைவிட மோசமாக, உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக்கிலும், அதே பலத்துடன் பிடிக்காது. பசை ஊற்றிப் போல்ட்டைப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் வைத்தாலும், துளையிலுள்ள தூசியை முழுவதும் ஊதி எடுக்காவிட்டால் பசை சுவரைப் பற்றாமல் தூசியைத்தான் பற்றும். கடற்கரையோரப் பழைய வீடுகளில் உள்ள பவளக்கல், சுண்ணாம்புச் சுவர்களில் இம்முயற்சியே கூடாது.

கான்கிரீட் படிகளில் இன்னொரு பிழையைக் காண்கிறேன். சாதாரணத் தளத்துக்குக் கட்டிய பழக்கத்தில் முக்கியக் கம்பியை அடிப்புறத்தில் கட்டிவிடுகிறார்கள். நுனியில் எடை ஏறும்போது இந்தப் படியின் மேற்புறம்தான் இழுபடுகிறது. ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும், சுவருக்குள் உள்ள பீமில் நன்கு நங்கூரமிடப்படவும் வேண்டும்.

இவற்றுடன் நம் கரைக்கே உரிய உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஐஎஸ் 456 தரநிலைப்படி, கடலோரச் சூழலுக்கு நேரடியாக உட்படும் கான்கிரீட்டில் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உப்புக்காற்று படாமல் மறைந்திருக்கும் பகுதிக்கே 30 மி.மீ. தேவை. மெல்லியதாக இருந்தால்தான் அழகு என்று இரண்டரை அங்குலத்தில் வார்க்கும் படியில் அந்த அளவுக்குக் கான்கிரீட் மூடினால், கம்பி நடுப்பகுதிக்கு இறங்கிப் பலம் குறைந்துவிடும். மூடாவிட்டால் துரு முந்திக்கொள்ளும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல், கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் குளோரைடு இருக்கக் கூடாது என்றிருக்க, உவர்ப்பான போர்வெல் நீரைச் சோதிக்காமலே கலவைக்கு ஊற்றுகிறோம். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன என்றால், அதே காற்று வீசும் வீட்டில் சாதாரண இரும்புச் சட்டம் பூச்சுக்குள் என்னவாகும்? அண்மையில் நான் பார்த்த ஒரு வீட்டில், ஏறுமிடத்திலிருந்து நான்காவது படி சுவரைத் தொடும் இடத்தில் மேல் விளிம்பையொட்டி மயிரிழை விரிசலும், கீழே பழுப்பு நீர்க்கோடும் இருந்தன. மேலே பல முறை பட்டி பார்த்து வண்ணம் அடித்திருந்தார்கள். கால் வைத்ததும் கிரானைட் பலகையின் அடியில் ‘டக்’கென்று ஒலி கேட்டது. சிறு பிள்ளைகள் ஓடி ஏறி இறங்கும் படி அது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. எனினும், இத்தகைய படிக்கட்டு அமைப்பவர்கள் கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட கம்பி வரைபடத்தையும் இணைக்க வேண்டும் என்று அரசு விதிக்க வேண்டுகிறேன். ஏற்கெனவே கட்டிய வீடுகளில் படி அசைந்தாலோ, சுவரோரம் விரிசலோ துருக்கறையோ தெரிந்தாலோ, பட்டி வைத்து மறைக்காமல் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் படிகளின் வெளிமுனைக்கு அடியில் ஒரு சாய்வு எஃகு உத்தரம் கொடுத்துத் தாங்கிவிடலாம். வளைகுடா நாடுகளிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டும் நம் பிள்ளைகள், முடிந்த படிக்கட்டின் காணொளியைக் கேட்பதற்கு முன், கான்கிரீட் போடும் முன்பும் பூச்சுப் பூசும் முன்பும் அந்தப் பிடிமானத்தின் படங்களைக் கேட்டு வாங்கி, ஒரு பொறியாளரிடம் காட்டிய பின்னரே அடுத்த தவணையை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.