கொம்பு ஓணான் ஒன்றல்ல, ஆறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹோர்ட்டன் சமவெளியில் எடுத்த ஓணான் படம் ஒன்றைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். மூக்கு நுனியில் வெள்ளையாகக் கூரான கொம்பு, அருமையான படம். ஆனால் கீழே ‘இலங்கையின் அரிய கொம்பு ஓணான்’ என்று மட்டும் எழுதினால், அப்படி ஒரே ஒரு இனம்தான் இருக்கிறது என்று படிப்பவர்கள் நினைத்துவிட மாட்டார்களா? செரட்டோபோரா என்ற இந்தப் பேரினத்தில் ஆறு இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆறுமே நம் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

நீங்கள் போட்டது ஸ்டொடார்ட்டி, நுவரெலியா பக்கத்து மலைக்காடுகளில் இருப்பது. நக்கிள்ஸ் மலையில் உள்ள டெனன்ட்டிக்குக் கொம்பு தட்டையாக இலை மாதிரி இருக்கும், அங்கே காட்டு நிழலில் ஏலக்காய் போட்ட இடங்களிலும் அது வாழ்கிறது. அஸ்பெரா தாழ்நில மழைக்காட்டுச் சருகுக்குள் திரியும் சின்ன உருவம். சிங்கராஜ வனத்தின் கிழக்கே மோர்னிங்சைட் காட்டில் எர்டெலெனி, கரு என்று இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் இருந்தும், 1998இல்தான் அவற்றுக்குப் பெயர் கிடைத்தது. ஆறாவதான உக்குவெலைக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! அப்புறம், கொம்பை வைத்து மட்டும் உறவு சொல்லவும் முடியாது, கொம்பு ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் பாடு, நமக்கென்ன என்று விட முடியாது. இவை மெதுவாக நகர்பவை, பிடிப்பது சுலபம், செல்லப்பிராணியாக விற்க வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் நடந்தபோது டெனன்ட்டி, எர்டெலெனி, கரு மூன்றையும் வர்த்தகத்துக்குத் தடையுள்ள முதல் பட்டியலிலும் ஸ்டொடார்ட்டி, அஸ்பெரா இரண்டையும் கட்டுப்பாடுள்ள இரண்டாம் பட்டியலிலும் சேர்த்தார்கள். எந்த இனம் என்று தெரிந்தால்தான் எந்தப் பட்டியல் என்று தெரியும். பெயரே வைக்கப்படாத இனத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது? டெனன்ட்டி நக்கிள்ஸில் மட்டுமே இருக்கிறது, அந்தக் காடு போனால் ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளதைக் கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது.

ஆகவே இனி இப்படிப் படம் போட்டால் இனத்தின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். மலைத்தொடர் பெயர் வரை சொல்லலாம், ஆனால் எந்தப் பாதை, எந்த ஓடையோரம் என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம், பிடிக்க வருகிறவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஹட்டன்