நீலச் சுடிதார் அக்காவுக்கு நன்றி

போன திங்கட்கிழமை, காலை ஆறு மணி யோகா வகுப்பு, கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த நீலச் சுடிதார் அக்கா, இது உங்களுக்குத்தான். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

என் எடை 102 கிலோ. அன்றுதான் முதல் நாள். சம்மணம் போட்டால் முட்டி அந்தரத்தில் நின்றது, முதுகு கூன் போட்டது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் போர்வையை நாலாக மடித்து நீட்டினீர்கள். "இது மேல உட்காருங்க. இடுப்பு உயர்ந்தா முட்டி தானா இறங்கும்." இறங்கியது!

அப்புறம் உத்தானாசனத்தில், அதாவது நின்றபடி முன்னால் குனியும்போது, தொப்பை இடித்தது. "காலை ஒட்டி வைக்காதீங்க, இடுப்பளவு அகட்டுங்க. வயித்துக்கும் இடம் வேணும்ல?" என்றீர்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் என்னிடம் வயிற்றை உள்ளே இழுக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இடம் விடச் சொன்ன முதல் ஆள் நீங்கள். முட்டியை லேசாக மடக்கி, தரைக்குப் பதில் நாற்காலியில் கை ஊன்றினேன். மூச்சு முட்டவில்லை.

மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் குறட்டை விட்டேனாம். அதையும் நீங்கள்தான் சிரிக்காமல் சொன்னீர்கள்.

உங்கள் போர்வை என்னிடமே வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அதே மூலையில் இருப்பேன், அக்கா.