கையெழுத்துக்கு 50 வெள்ளி, விளக்கத்துக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்க வந்த வழக்கறிஞர் எதையும் விளக்கவில்லை, ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுகளைக் காட்டி “இங்கே, இங்கே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் என வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழக்கறிஞருக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஜார்ஜ்டவுனில் சிறிய அலுவலகம் வைத்து இதே வேலையைச் செய்பவள் நான்.

கடன் பத்திரங்களைத் தயாரிப்பது வங்கியின் பட்டியலில் உள்ள சட்ட நிறுவனம். அது பல நேரங்களில் கோலாலம்பூரில் இருக்கும். கடன் வாங்குபவரோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவராக இருப்பார், அல்லது நிபோங் திபாலில் இருந்து கிளம்ப முடியாத வயதானவராக இருப்பார். அவர்களுக்காக யாரும் கோலாலம்பூரிலிருந்து வண்டி ஏறி வரப் போவதில்லை. பினாங்கில் உள்ள ஒரு வழக்கறிஞரைக் கூப்பிட்டு, “டாக்குமெண்ட் கூரியரில் வருகிறது, சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்” என்பார்கள். அதற்கு எனக்குச் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் 50 வெள்ளி (ரிங்கிட்). மனம் இளகியவர்கள் 100 வெள்ளி தருவார்கள். “அடுத்த முறை நாங்கள் உங்களுக்குச் செய்து கொடுக்கிறோம்” என்பதோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

அந்தக் கூரியர் கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் வேலை புரியும். கடன் ஒப்பந்தம் ஒரு பிரதியே எழுபது எண்பது பக்கம் இருக்கும். அதில் நான்கு பிரதிகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் வேண்டும். தனிப் பட்டா வந்த வீடு என்றால் அடமானத்துக்கான 16ஏ படிவமும் அதன் இணைப்பும் சேரும். பட்டா இன்னும் பிரிக்கப்படாத அடுக்குமாடி வீடு என்றால் கட்டு இன்னும் தடிக்கும்: உரிமை மாற்றுப் பத்திரம், வங்கிக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் இரண்டும் வந்துவிடும். அப்புறம் சத்தியப் பிரமாணங்கள். அவற்றுக்கு வாடிக்கையாளரைச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் தனியாக அழைத்துப் போக வேண்டும். கணவன், மனைவி, கணவரின் தம்பி என்று மூன்று பேர் சேர்ந்து கடன் எடுத்திருந்தால் எல்லாமே மூன்று மடங்கு. மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுப்புக் கிடைக்காது. ஆனாலும் கட்டுக்குப் பேசிய தொகை அதே 50 வெள்ளிதான்.

செபராங் பிறையில் ஒரு வீட்டுக்குப் போய்த் தீவுக்குத் திரும்பினால் பாலத்தில் டோல் கட்ட வேண்டும். எண்ணெய்ச் செலவு தனி. பல நிறுவனங்கள் இதைக்கூடச் சேர்த்துத் தருவதில்லை.

சாட்சிக் கையெழுத்து என்றால் வெறும் முத்திரை குத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் கீழ் நான் எழுதிக் கொடுக்கும் சான்றைப் பாருங்கள். இவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், உரிய வயதை அடைந்தவர், தன் சொந்த விருப்பத்தின் பேரில் இதைச் செய்கிறார் என்று என் பெயரைப் போட்டுச் சொல்கிறேன். நாளைக்கு அந்தக் கையெழுத்துப் பொய் என்றோ, மிரட்டி வாங்கியது என்றோ வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் கூண்டேற வேண்டியவள் நான். ஒருவர் சொந்த விருப்பத்தில் கையெழுத்திடுகிறார் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவருக்கு விஷயம் புரிந்திருந்தால் மட்டுமே முடியும். பத்திரங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றன. தோட்டப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் நான் தமிழில் சொன்னால்தான் புரியும். அதற்கு நேரம் பிடிக்கும்.

எதை விளக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மகனுக்கு வீடு வாங்க அப்பாவின் பெயரையும் சேர்ப்பார்கள். “நான் சும்மா ஜாமீன்தாம்மா” என்று அப்பா சொல்வார். பத்திரத்தைத் திறந்தால் அவர் ஜாமீன் இல்லை, கூட்டுக் கடனாளி. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. திவால் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடனுக்கு லாப நோக்கமில்லாமல் ஜாமீன் நிற்பவரைத் திவாலாக்க முடியாது. கூட்டுக் கடனாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழுக் கடனும் அவர் தலையிலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் அந்த வீட்டுக் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவர்கள் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் அம்மாவின் பெயரில் வீடும் நிலமும். மகனின் வியாபாரக் கடனுக்கு அதை அடமானம் வைக்கிறார்கள். மகனுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வந்திருப்பதாகத்தான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நான் 16ஏ படிவத்தைக் காட்டி, மகன் கட்டத் தவறினால் வங்கி எதை ஏலத்துக்குக் கொண்டுபோகும் என்று சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “கிராண்டு (பட்டா) பேங்குக்குப் போனா எப்பம்மா திரும்பி வரும்?” பதிலைக் கேட்டதும், யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்றார். மகனுக்கு என்மேல் கோபம். கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது: ஏன் தாமதம், வங்கி காத்திருக்கிறது என்று. கையெழுத்து நடக்காததால் அன்றைக்கு எனக்குக் கூலியும் இல்லை. மறுவாரம் வேறொரு வழக்கறிஞர் அந்தக் கட்டை முடித்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மாவுக்கு அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்படித்தான் இந்தக் கூலி முறை வேலை செய்கிறது. விளக்குபவருக்கு நட்டம். வேகமாகப் புரட்டுபவருக்கு ஒரு மாலையில் மூன்று கட்டு முடியும். புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் வாடகை கட்ட வேண்டுமே என்று வேகமாகப் புரட்டப் பழகுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணமே இல்லை என்றால் பேசிப் பயனில்லை. பணம் இருக்கிறது. 2023 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள வழக்கறிஞர் ஊதிய ஆணைப்படி, கடன் பத்திர வேலைக்கு முதல் 5 லட்சம் வெள்ளி வரை 1.25 விழுக்காடு கட்டணம். 4 லட்சம் வெள்ளி வீட்டுக் கடன் என்றால் 5,000 வெள்ளி. தள்ளுபடி கொடுக்க ஆணையில் இடமுண்டு, சரி, கொஞ்சம் குறையட்டும். இந்தக் கட்டணத்தைக் கொடுப்பது வங்கி இல்லை, கடன் வாங்கும் நீங்கள். அதற்கு மேல் கடன் தொகையில் 0.5 விழுக்காடு முத்திரை வரி வேறு. இவ்வளவு கட்டும் ஒருவருக்கு, பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லும் ஒரே ஆளுக்கு அந்த 5,000 வெள்ளியில் 50 வெள்ளி, அதாவது ஒரு விழுக்காடுதான் போகிறது. பத்திரம் தயாரிப்பதும் நிலச் சோதனையும் பதிவும் பெரிய வேலைதான், நானும் செய்கிறேன். அதற்காகக் கையெழுத்து நாளை எடுபிடி வேலை போல நடத்தக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது. என் அண்ணன் மகள் கலிபோர்னியாவில் நோட்டரி. வீடு வீடாகப் போய்க் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் வரும் கட்டை அவளே சொந்தத் தாளில் அச்சடிக்க வேண்டும், அதுவும் இரண்டு பிரதி. முடிந்ததும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். இடையில் இருக்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஒரு கையெழுத்தைச் சான்றளிக்க அந்த மாநிலச் சட்டம் 15 டாலர் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. பயணத்துக்கும் அச்சுக்கும் தனியாகப் பேசி வாங்கிக்கொள்ளலாம் என்பதால், கட்டு எத்தனை பக்கம் என்று கேட்காமல் அவள் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவள் பத்திரத்தின் சட்ட விளைவுகளை விளக்கக் கூடாது. வழக்கறிஞர் அல்லாத நோட்டரி சட்ட ஆலோசனை சொல்வதற்கு அங்கே தடை. நம் நாட்டில் அந்த இடத்தில் வழக்கறிஞரையே உட்கார வைத்திருக்கிறோம். விளக்கத் தெரிந்தவரை உட்கார வைத்துவிட்டு, விளக்க நேரமில்லாத கூலியைக் கொடுக்கிறோம். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

கட்டு அனுப்பும் நிறுவனங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எத்தனை பத்திரம், எத்தனை பிரதி, எத்தனை பேர் கையெழுத்து என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைப் பார்த்துத் தொகை பேசுவோம். பயணச் செலவு தனி. வாடிக்கையாளர் யோசிக்க நேரம் கேட்டுக் கையெழுத்து தள்ளிப்போனாலும் போய் வந்ததற்குக் கூலி உண்டு. நான் படித்துப் பார்க்க முழுதாக ஒரு நாளாவது முன்னால் பத்திரம் என் கைக்கு வர வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கூரியர், ஆறு மணிக்குக் கையெழுத்து என்பது இனி வேண்டாம். இந்த நிபந்தனைகளை எழுதி அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். சில நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. சில என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. தனி ஒருத்தியாக இதை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? ஊதிய ஆணையை அடுத்து திருத்தும்போது, வெளியூர்ச் சாட்சிக் கையெழுத்துக்கும் பத்திர அளவைப் பொறுத்து ஒரு கீழ் வரம்பு வைக்க மலேசிய வழக்கறிஞர் மன்றம் குரல் கொடுக்க வேண்டும். தொழிலில் இருக்கும் தமிழ் வழக்கறிஞர்களும் மன்றக் கூட்டங்களில் இதை எழுப்ப வேண்டும்.

வீடு வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்து நாள் குறிக்கப் போன் வரும்போது, யார் வருகிறார், எந்த மொழியில் விளக்குவார், எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். பத்திரத்தின் மாதிரியை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். படித்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், பெயர்கள் எந்தெந்த இடத்தில் கடனாளி என்றும் எந்த இடத்தில் ஜாமீன் என்றும் வந்திருக்கின்றன என்பதை மட்டுமாவது பார்த்து வைக்கட்டும். மாதிரியைக் கேட்டால் அனுப்புவார்கள். என் வாடிக்கையாளர்களுக்காக நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு