கல்யாணத் தேதி குறித்துவிட்ட வீட்டாருக்கு

அன்புள்ள கல்யாண வீட்டாருக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தவில்காரன் எழுதுகிறேன். இந்நேரம் நிச்சயம் முடிந்து, தேதி குறித்து, பத்திரிகை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு முன்பணம் போய்விட்டது, போட்டோ, வீடியோ, மேடை அலங்காரம் எல்லாம் முடிவாகியிருக்கும். மேளம் யாருக்குச் சொல்வது என்ற பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். யார் மேலும் கோபத்தில் இதை எழுதவில்லை. நீங்கள் குறித்த அந்தத் தேதி எங்களைப் போன்றவர்களுக்கு என்ன என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தவிலுக்குப் பேர்போனது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் முன்னால் நீடாமங்கலம் என்று சேர்த்துத்தான் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி வலங்கைமான், சண்முகசுந்தரம் பிள்ளையின் ஊர். அதே பக்கத்தில் ஹரித்துவாரமங்கலம், பழனிவேல் ஐயாவின் ஊர். நான் அந்த வரிசையில் நிற்கிற ஆள் இல்லை. 9 வயதில் அப்பாவிடம் பலகையில் தட்ட ஆரம்பித்து, பிறகு மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 வருஷம் படித்து, 20 வருஷத்துக்கு மேலாகக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறவன். எங்கள் செட்டில் ரெட்டை நாயனம், ரெட்டைத் தவில், ஒரு தாளம், சுருதிப்பெட்டி. ஐந்து பேர்.

இப்போது தேதிக் கணக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் நல்லது என்று பார்த்துக் குறிக்கிறீர்கள். உங்கள் வசதி எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அதே நாள்தான் வசதி. அப்படி ஒரு நாளில் எங்கள் நாயனக்கார அண்ணனுக்கு ஆறு வீட்டிலிருந்து போன் வரும். ஒன்றைத்தான் ஒத்துக்கொள்ள முடியும். மற்ற ஐந்தையும் விட்டுவிட வேண்டும். அடுத்த பதினைந்து நாள் போனே வராது.

போன வருஷம் என் டைரியில் இருக்கிற கல்யாணம் 38. சராசரியாக என் பங்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 95,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 8,000 கூட இல்லை. கோயில் திருவிழாக்கள் தனி. பங்குனி, சித்திரை, வைகாசியில் சுவாமி புறப்பாட்டுக்கு விடிய விடிய வாசிப்போம். அதில் மனசு நிறையும், பை அவ்வளவாக நிறையாது. தினசரிக் கோயில் வேலையும் குறைந்துபோய்விட்டது. பல சின்னக் கோயில்களில் சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கிற மின்சார மேளம் வந்துவிட்டது. அங்கே பிரதோஷத்துக்கும் விசேஷத்துக்கும் மட்டும்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அதனால் வேறு வேலைகள். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்று அறிவித்தபோது பங்குனி, சித்திரை, வைகாசி என்று எங்கள் கையில் 11 தேதிகள் இருந்தன. பதினொன்றும் போயின. அந்த வருஷம்தான் மச்சினன் உதவியோடு பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கினேன். இன்னும் மாதத் தவணை 6,400 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறேன். நெல் மூட்டை, சிமெண்ட், வாடகைப் பாத்திரம், வாழைத்தார் என்று எது வந்தாலும் ஏற்றுவேன். சாயங்காலம் ஆன்லைனில் மூன்று பிள்ளைகளுக்குத் தவில் சொல்லித் தருகிறேன்.

இதில் ஒரு சிக்கலை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தை பிறந்தால் கல்யாணம் தொடங்கும். அதே தையில்தான் சம்பா அறுவடையும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோக லோடு ஆட்டோவுக்கு வருஷத்திலேயே அதிகம் அழைப்பு வருவதும் அந்த வாரங்களில்தான். முகூர்த்த நாள் என்றால் பாத்திரக் கடைக்காரர், பந்தல்காரர் எல்லோருக்கும் வண்டி அன்றைக்கே வேண்டும். பிள்ளைகளுக்கு வகுப்போ சனி, ஞாயிறு. இரண்டு மூன்று தொழில் இருந்தால் ஒன்று படுத்தாலும் இன்னொன்று தூக்கிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு மூன்றும் ஒரே நாளில் கூப்பிடும், மூன்றும் ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடும். உங்கள் வீட்டுக்கு ஒரு தேதியை ஒத்துக்கொள்கிறேன் என்றால் அன்றைக்கு நெல் ஏற்ற வரவில்லை, பாத்திரம் ஏற்ற வரவில்லை, வகுப்பு இல்லை என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

சரி, கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவிலில் இடது பக்கம் கழியால் அடிக்கிறோம், வலந்தலையில் விரலால் வாசிக்கிறோம். அந்த விரல்களுக்குக் கூடு போட வேண்டும். பழைய வேட்டித் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, விரல் மேல் இறுக்கிச் சுற்றி, காயவைத்து எடுப்போம். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு விரலுக்கும் அதன் அளவு. கொஞ்சம் தளர்ந்தால் வாசிக்கும்போது கழன்று ஓடும், கொஞ்சம் இறுகினால் ரத்தம் கட்டிவிடும். முந்தின நாள் மூட்டை தூக்கி விரல் வீங்கியிருந்தால் கூடு ஏறாது. ஒரு தடவை லோடு ஆட்டோவின் பின் கதவில் மாட்டி மோதிரவிரல் நகம் பிளந்துவிட்டது. மறுநாள் மன்னார்குடியில் முகூர்த்தம். பழைய கூட்டை ஊறவைத்துப் பிரித்து, துணி ஒரு சுற்று குறைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து புதிதாகச் சுற்றினேன். அடுப்பு ஓரத்தில் வைத்துக் காயவைத்தாள் என் மனைவி. அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் வாசித்தேன். அப்புறம் பத்து நாள் மூட்டை தூக்க முடியவில்லை.

சாதகம், அதாவது வாசித்துப் பழகுவது, அதுவும் லேசில்லை. வாடகை வீட்டில் தவிலை எடுத்தால் பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். வண்டியில் தவிலை வைத்துக்கொண்டு வெண்ணாற்றங்கரைக்குப் போய்விடுவேன். ஆன்லைன் வகுப்பில் இன்னொரு விதம். பேச்சைத் தெளிவாக்குவதற்காக அந்தச் செயலி பின்னணி இரைச்சலை அமுக்கும். தவில் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அதையும் அமுக்கிவிடும். முதல் மாதம் முழுக்க நான் வாசித்தது அந்தப் பக்கம் பாதிதான் கேட்டிருக்கிறது. பிறகு ஒரு தம்பி செட்டிங்கில் போய் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை மாற்றிக் கொடுத்தார். கனடாவில் இருக்கும் மாணவனின் குடும்பத்துக்கு அளவெட்டி பூர்வீகம், தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர். அந்தப் பையன் தகதகிட சொல்லும்போது அவனுடைய தாத்தா பின்னால் நின்று தாளம் போடுவார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு அலுப்பே தெரியாது.

கல்யாண வீட்டாரே, இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வைகாசி முகூர்த்தம். நான்கு மாதம் முன்பே சொல்லிவைத்தார்கள். முன்பணம் எதுவும் தரவில்லை, வாய்வார்த்தைதான். அந்தத் தேதிக்கு வந்த வேறு இரண்டு வீடுகளை நாங்கள் வேண்டாம் என்றோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் செண்டை மேளம் ஆசைப்பட்டார்கள், அதனால் நீங்கள் வர வேண்டாம் என்றார்கள். செண்டை வாசிக்கிறவர்களும் என்னைப் போல வயிற்றுக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள்தான், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இரண்டு நாளில் அந்த முகூர்த்தத்துக்கு வேறு வீடு எங்கே தேடுவது? ஐந்து குடும்பத்துக்கு அந்த வாரம் வருமானம் இல்லை. எங்கள் தாளக்காரர் வயதானவர். மாத்திரை வாங்க என்னிடம்தான் கடன் கேட்டார், என்னிடமும் இல்லை.

ஆகவே தேதி சொல்லும்போது ஒரு சின்ன முன்பணம் கொடுத்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் அப்படித்தானே செய்கிறீர்கள். மனசு மாறினால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தப் பணத்தை அப்படியே திருப்பித் தருகிறோம். கடைசி வாரத்தில் மாறினால் பேசியதில் பாதியாவது கொடுங்கள்.

அடுத்தது பேக்கேஜ். இப்போது பலர் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறீர்கள். வாழைமரத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் 'மேளம் 1 செட்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அப்படி வாசித்த ஒரு கல்யாணத்துக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தலை ஆடிச் சீரே முடிந்துவிட்டது. முன்பெல்லாம் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீட்டுப் பெரியவர் கையால் கொடுப்பார்கள். இன்று போனில் அனுப்பினாலும் சரிதான். மண்டபத்தை விட்டு நாங்கள் கிளம்பும் முன் நீங்களே நேரடியாகக் கொடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காலை மூன்றரை மணிக்கு எழுந்து, கேட் போட்டிருந்தால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போகும்வரை நின்று, வெறும் டீயோடு வந்து உட்கார்கிறோம். முகூர்த்தத்துக்கு முன் இரண்டு இட்லி கிடைத்தால் போதும்.

கெட்டிமேளத்தைச் சொல்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ, அழுகையோ, யாராவது சொல்லக்கூடாத ஒரு வார்த்தையோ காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முழக்கம். ஐயர் விரலைத் தூக்குவார். அந்த விரலைப் பார்த்த கணத்தில் இரண்டு தவிலும் சேர்ந்து விழ வேண்டும். இப்போது அந்த விரல் எங்களுக்குத் தெரிவதே இல்லை. லைட் ஸ்டாண்டு, மூன்று கேமரா, செல்போனைத் தூக்கிப் பிடித்த உறவினர் எல்லோருக்கும் நடுவில் கழுத்தை நீட்டித் தேடுகிறோம். சில மண்டபங்களில் எங்களை ஜெனரேட்டர் பக்கத்துக் கதவோரம் உட்காரவைத்துவிடுகிறார்கள். மேடை தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தில் ஜமுக்காளம் போட்டுக் கொடுங்கள். வீடியோக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

முந்தின நாள் வரவேற்பில் பாட்டுக் கச்சேரி, டிஜே எது வைத்தாலும் சரி, அது தொடங்கும் முன் இருபது நிமிஷம் எங்களுக்கு விடுங்கள். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரி ஒன்று, ஒரு ராகம், ஒரு கீர்த்தனை, கொஞ்சம் தனித் தவில். முகூர்த்தத்தன்று அவ்வளவு நேரம் கிடைக்காது. ஆற்றங்கரையில் பண்ணுகிற சாதகமெல்லாம் அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பத்தரை மணிக்குத் தவிலை உறையில் போட்டேன். பட்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கைலி கட்டிக்கொண்டு அதே மண்டபத்தின் பின்வாசலுக்கு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தேன். பாத்திரக் கடைக்காரர் எனக்குத்தான் வாடகை சொல்லியிருந்தார். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. முதலில் காலியான அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அப்பா எதற்கோ அந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார். "நீங்க... மேளம்?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். மூட்டை தூக்குவதிலும் பாத்திரம் ஏற்றுவதிலும் எனக்கு வெட்கம் இல்லை. அவருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் அண்டாவின் மறுபக்கக் காதைப் பிடித்து வண்டியில் ஏற்ற உதவினார். பட்டுச் சட்டையில் கரி பட்டுவிட்டது.

ஏற்றி முடித்ததும், "காலையிலே நீங்க வாசிச்சதை நான் கேட்கவே இல்ல தம்பி, ஒரே அலைச்சல்" என்றார். சின்ன மகளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, தானே முன்னால் உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டார். தேதி குறித்ததும் முதல் போன் எனக்குத்தான் என்றார்.

அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் போனுக்காகவும்.

அன்புடன்,
நீடாமங்கலம் பக்கத்துத் தவில்காரன்